கூச்சம் போகும்வரை காத்திருக்க வேண்டாம்: தமிழிலும் ஆங்கிலத்திலும் பாப் பாட வருபவர்களுக்கு

வீட்டுக்குள் நன்றாகப் பாடுகிற ஒருவர் நாலு பேர் முன்னால் பாடும்போது என்ன ஆகிறது என்று கவனித்துப் பாருங்கள். வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. வரியின் கடைசிச் சொல் தொண்டைக்குள்ளேயே போய்விடும். மைக் மெல்ல மெல்ல மார்புக்கு இறங்கும். சத்தம் போட வேண்டாமே என்று சுருதியையும் தாழ்வாக வைத்துக்கொள்வார். கூச்சம் என்று நாம் மொத்தமாகச் சொல்வது பாட்டில் இந்த நாலு இடங்களில்தான் தெரியும். நாலையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். மனசில் இருக்கிற கூச்சம் போகாமலேகூட இருக்கலாம். உலகப் புகழ்பெற்ற பாடகி அடெல் தன் மேடைப் பயத்தைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

இது தமிழிலும் ஆங்கிலத்திலும் பாட நினைக்கும் இளையவர்களுக்கான வழிகாட்டி. தமிழ்நாட்டில், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவருக்கு ஆங்கில வரி தடுக்கும். டொரான்டோவிலோ லண்டனிலோ வளர்ந்தவருக்குத் தமிழ் வரி தடுக்கும். இரண்டு தரப்புக்கும் வேண்டியதைக் கீழே தனித்தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் கட்டையைப் பிடியுங்கள்

கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு. பாட்டு வாத்தியார் 5 கட்டை என்பார், கீபோர்டு வாசிப்பவர் ஜி என்பார். இரண்டும் ஒன்றுதான். 1 என்றால் சி, 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக் கட்டைகள் கறுப்புக் கட்டைகள். 3-க்கும் 4-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை என்பதால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. யாராவது கேட்டால் திகைக்க வேண்டாம், அவருக்குத்தான் தெரியவில்லை.

கூச்சப்படுகிறவர்கள் மெதுவாகப் பாடிப் பார்த்துச் சுருதியை முடிவு செய்வார்கள். படுக்கையறையில் அது இதமாக இருக்கும். டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் அதே பல்லவி காணாமல் போய்விடும். சரியான முறை இது: எடுத்துக்கொண்ட பாட்டில் மிக உயரமாகப் போகிற வரியை மட்டும், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் பாடுங்கள். கரோக்கி செயலியில் அரை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே போங்கள். தொண்டை இறுகுகிற இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு மூன்று அரைக் கட்டை கீழே இறங்குங்கள். அதுதான் அந்தப் பாட்டுக்கு உங்கள் சுருதி. பிறகு பாட்டின் மிகத் தாழ்ந்த வரியைப் பாடிப் பாருங்கள். அது காற்றாக மட்டும் வந்தால் பாட்டின் அகலம் உங்கள் குரலுக்குப் பொருந்தவில்லை. வேறு பாட்டு எடுங்கள்.

குரல் உடைகிற வயதில் இருக்கும் பையன்கள் இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். போன வருடம் எட்டிய சுரத்தை இந்த வருடமும் எட்டிப்பிடிக்க முயன்றால் தொண்டை புண்ணாவதுதான் மிச்சம்.

தினப் பயிற்சிக்குக் காலை 20 நிமிடம், மாலை 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கத்துவதைவிட இது நல்லது. தொடக்கத்தில் ஒரு தம்ளரில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, ஸ்ட்ராவை அதில் முக்கி, 'ஊ' என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். தாழ்விலிருந்து உயரத்துக்கும் திரும்பக் கீழேயும், மூன்று நிமிடம். குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சு சீராகப் போகிறது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்குச் சத்தமே கேட்காத பயிற்சி என்பதால் கூச்சக்காரர்களுக்கு இது வரம். குரல் கம்மினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள். குரல்நாணுக்கு அது ஓய்வே இல்லை, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கூச்சத்துக்குப் படிக்கட்டு

நேராக மேடையில் தள்ளிவிட்டால் சரியாகிவிடும் என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. சிலருக்குச் சரியாகும். பலருக்கு அந்த ஒரு நாளே கடைசி நாளாகிவிடும்.

படி சிறியதாக இருக்கட்டும். தனியாகப் பாடி போனில் பதிவு செய்து முழுதாகக் கேட்பது முதல் படி. பதிவில் தன் குரல் அந்நியமாக இருப்பது எல்லோருக்கும் நடப்பது. நம் காதுக்கு நம் குரல் எலும்பு வழியாகவும் வருகிறது, பதிவில் அது இல்லை. பத்து நாள் கேட்டால் பழகிவிடும். அடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு பல்லவியை வாய்ஸ் நோட்டாக அனுப்புங்கள். 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள், 'சூப்பர்' என்றுதான் பதில் வரும். 'எந்தச் சொல் புரியல?' என்று கேளுங்கள். பிறகு மூன்று பேர் முன்னால், வேண்டுமானால் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு. பிறகு திரும்பி. பிறகு கல்லூரி கல்ச்சுரல்ஸ், சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஓப்பன் மைக் எதுவாவது, ஒரே ஒரு பாட்டோடு. ஒவ்வொரு படியிலும் குறைந்தது மூன்று முறை. அது அலுப்பாகத் தோன்றும்போது அடுத்த படி.

நடுக்கம் பெரும்பாலும் முதல் அரை நிமிடத்தில்தான். அதனால் நீண்ட கார்வையோடு (ஒரே சுரத்தை இழுத்து நிற்பது) தொடங்கும் பாட்டை முதலில் வைக்காதீர்கள். நடுங்கும் மூச்சை அது அப்படியே காட்டிக்கொடுக்கும். சொற்கள் நெருக்கமாக, நடுத்தர உயரத்தில் ஓடும் பாட்டை முதலில் வையுங்கள். ஏறுவதற்கு முன் 4 எண்ணிக்கை மூச்சை இழுத்து 8 எண்ணிக்கை விடுங்கள், ஆறு தடவை. இழுப்பதைவிட விடுவது நீளமாக இருப்பதுதான் முக்கியம். சிலர் பதற்றத்தில் ஆழமாக இழுத்துக்கொண்டே இருந்து தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.

இரண்டு மொழி, இரண்டு தாளம்

மொழி மாற்றிப் பாடுவது புதிய விஷயம் இல்லை. டெக்சாஸில் ஆங்கிலம் பேசும் வீட்டில் வளர்ந்த பாடகி செலினா ஸ்பானிஷ் பாட்டுகளை முதலில் ஒலியாக மட்டுமே மனப்பாடம் செய்து பாடினார், மொழியைப் பிறகுதான் கற்றார். கியூபெக்கில் பிரெஞ்சு மட்டும் பேசி வளர்ந்த செலின் தியோனின் முதல் பிரெஞ்சு ஆல்பம் 1981-ல், முதல் ஆங்கில ஆல்பம் 1990-ல் வந்தது. நம் பக்கத்தில் மலேசியாவின் யோகி பி, சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பிரியா ராகு போன்றவர்கள் இரண்டையும் கலந்து பாடுகிறார்கள்.

கூச்சக்காரர்களிடம் ஒன்றைக் கவனிக்கலாம். இரண்டாவது மொழியில் பாடும்போது தைரியமாக இருப்பார்கள். சொந்த மொழிக்கு வந்ததும் குரல் சுருங்கும். சொல்லின் கனம் தெரிவதால் வருவது அது. 'ஐ மிஸ் யூ' என்று பாடிவிடலாம், 'உன்னைத் தேடுறேன்' என்று அம்மா இருக்கும் அறையில் பாட முடியாது. கூச்சம் உண்மையில் தங்கியிருப்பது அங்கேதான், ஆகவே படிக்கட்டில் ஒவ்வொரு படியையும் சொந்த மொழிப் பாட்டோடு ஏறுங்கள்.

இனி முக்கியமான விஷயம். தமிழ் நீளத்தை எண்ணும் மொழி: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. ஆங்கிலம் அழுத்தத்தை எண்ணும் மொழி: ஒரு சொல்லில் ஓரசை பலமாக விழும், மற்றவை கரைந்துவிடும். ஒன்றின் கணக்கில் இன்னொன்றைப் பாடினால் எவ்வளவு நல்ல குரலும் ஒட்டாது.

இரண்டு வரியை வைத்துப் பார்ப்போம்:

மழை நின்ன பிறகும் மரம் சொட்டுதே
ஆல் ஐ வான்ட் இஸ் டு ஸ்டே

மெட்டில் முதல் சுரம் நீளமானது என்று வையுங்கள். 'மழை'யின் மகரத்தை அங்கே இழுத்தால் 'மாழை' ஆகிவிடும். ஆகவே 'ம'வைத் தட்டிவிட்டு 'ழை'யில் நில்லுங்கள்; அல்லது மெட்டுக்கேற்ற சொல்லை வையுங்கள்: 'வானம்', 'காத்து', 'நேத்து'. படம்–பாடம், மலை–மாலை, விடு–வீடு என்று தமிழில் நீளம் மாறினால் பொருளே மாறும். எழுதும்போதே மெட்டில் நீளமான சுரங்களை வட்டம் போட்டுக்கொண்டு, அங்கே நெடில் விழும்படி சொல் தேடுங்கள்.

ஆங்கில வரியில் 'ஆல்', 'வான்ட்', 'ஸ்டே' மூன்றுக்கும்தான் அடி. 'ஐ', 'இஸ்', 'டு' மூன்றும் இடுக்கில் ஓடிவிட வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்தில் ஆறுக்கும் ஒரே எடை கொடுத்தால் செய்தி வாசிப்பது போல் இருக்கும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 70 தட்டில் வைத்து, வரியைப் பாடாமல் பேசுங்கள். அழுத்தம் விழும் சொல்லுக்கு மட்டும் கை தட்டுங்கள். வரிக்கு மூன்று தட்டு சரியாக விழுந்த பிறகே மெட்டைச் சேருங்கள்.

ஆங்கிலத்தில் நம்மவர்களுக்கு அடிக்கடி வழுக்கும் இடங்கள் சில. சொல் மெய்யில் முடியும்போது 'லவ்வு', 'ஹார்ட்டு' என்று ஒரு உகரம் ஒட்டிக்கொள்ளும். மெட்டில் இல்லாத ஒரு அசை கூடிவிடும். குத்துப் பாட்டில் வேண்டுமென்றே செய்தால் அது அழகு, மெலடியில் தெரியாமல் வந்தால் பிழை. நம்முடைய 'வ' ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு நடுவே நிற்கிறது: 'வெரி' என்று சொல்ல மேல் பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும், 'வே' என்று வழியைச் சொல்ல உதடு குவிய வேண்டும், பல் படக் கூடாது. சொல் முதலில் வரும் 'ப' ஒலிக்கு ஆங்கிலத்தில் ஒரு ஊதல் உண்டு. உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பார்த்தால் காற்று தெரியும். இதற்கு மேல் அமெரிக்க உச்சரிப்பைக் காப்பியடிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வரிக்கு வரி ஊர் மாறுகிற உச்சரிப்பைவிட, புரிகிற தமிழ்நாட்டு ஆங்கிலம் நூறு மடங்கு மேல்.

வெளிநாட்டில் வளர்ந்தவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அந்த ஊதல் தமிழுக்குள் வந்துவிடும். 'பாட்டு' என்னும்போது கையில் காற்றே படக் கூடாது. இரட்டித்த மெய்யில் நிற்காமல் போனால் 'பாட்டு' 'பாடு' ஆகும், 'பட்டம்' 'படம்' ஆகும். 'ள' சொல்ல நாக்கு நுனி மடிந்து மேலண்ணத்தைத் தொட வேண்டும்; 'ழ' சொல்ல மடிந்து நெருங்க வேண்டும், ஆனால் தொடக் கூடாது. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுவதுதான் பாதிச் சிக்கலுக்குக் காரணம். படம், பாடம், பதம் மூன்றும் அதில் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டில் வரும். தமிழ் எழுத்து படிக்கக் கற்றுக்கொள்ள ஆகும் சில வாரங்கள் வாழ்நாளுக்கும் மிச்சம். அதுவரை, வீட்டில் ஒருவரை வரிகளைப் பேச்சாகச் சொல்லச்சொல்லிப் பதிவு செய்து, அதைக் கேட்டுப் பழகுங்கள். யாழ்ப்பாணப் பேச்சு வீட்டிலிருந்து வருபவர் 'வாறன்' என்றே பாடலாம். சென்னைத் தமிழை இரவல் வாங்க வேண்டியதில்லை. ஒரே பாட்டில் 'வாறன்', 'வர்றேன்', 'வருகிறேன்' மூன்றும் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

எழுதும்போது

ஒரு மொழியில் சொன்னதையே அடுத்த வரியில் மற்ற மொழியில் மொழிபெயர்க்காதீர்கள். இரண்டும் தெரிந்தவருக்கு ஒரே சோற்றை இரண்டு முறை பரிமாறியது போல் இருக்கும். பல்லவி ஒரு மொழியில், சரணம் இன்னொன்றில் என்று தொடங்குவது சுலபம். வரிக்கு நடுவே மாறுவதானால் நீங்கள் நிஜமாகப் பேசும்போது எங்கே மாறுவீர்களோ அங்கே மாறுங்கள்.

தமிழில் வினை கடைசியில் வருவதால் 'வந்தேன், நின்றேன், சென்றேன்' என்று இயைபு தானாக அமைந்துவிடும். அதுதான் ஆபத்து, நான்காவது வரியில் காது தூங்கிவிடும். மேலே உள்ள வரியில் 'மழை–மரம்' மோனை தமிழ் வரியைப் பிடிக்கிறது, 'சொட்டுதே–ஸ்டே' இயைபு அதை ஆங்கில வரியோடு கட்டுகிறது. ஆங்கிலப் பாட்டு வரிக் கடைசியில்தான் ஒலி ஒற்றுமையைத் தேடும் என்பதால், மொழி மாறுகிற வரிகளில் கடைசி ஒலியைப் பொருத்துவதும், தமிழ் வரிக்குள் மோனை எதுகையை வைத்துக்கொள்வதும் நல்ல வழி.

வீட்டிலேயே பதிவு

ஸ்டுடியோவில் மணிக்கணக்கு ஓடும் என்ற பதற்றமே கூச்சக்காரரின் குரலை அடைத்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று பாட்டை வீட்டில் பதிவது நல்லது. தேவை: ஒரு கண்டென்சர் மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும், இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுக்க மூடும் ஹெட்போன், 'ப' போன்ற ஒலிகளின் ஊதலைத் தடுக்கும் பாப் ஃபில்டர். காது மூடாத ஹெட்போன் என்றால் தாளத்தின் டிக் டிக் மைக்கில் விழுந்து பிறகு எடுக்கவே முடியாது. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மைக் நீங்கள் பார்க்கும் பக்கத்தைவிட உங்கள் முதுகுப்பக்கச் சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியைத்தான் அதிகம் பிடிக்கும். மின்விசிறி நிற்கட்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நடுவே பாப் ஃபில்டர். பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். மிக உரக்கப் பாடும் வரியைப் பாடிப் பார்த்து மீட்டர் -12 டெசிபலுக்கும் -6 டெசிபலுக்கும் நடுவே தொடும்படி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். மெதுவாகப் பாடிக் கெயினை ஏற்றினால் தெருநாயும் பாட்டில் வரும். முழுப் பாட்டையும் மூன்று டேக் எடுங்கள், வரி வரியாக ஒட்டாதீர்கள். தமிழ்ப் பகுதியும் ஆங்கிலப் பகுதியும் ஒரே நாளில், ஒரே தூரத்தில் எடுக்க வேண்டும். வேறு வேறு நாளில் எடுத்தால் இரண்டு பேர் பாடியது போல் இருக்கும். ஆங்கில வரிகளில் 'ஸ்' ஒலி கூடுதலாகச் சீறும் என்பதால் அந்தச் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் அந்தப் பகுதிக்கு மட்டும் போதும். சுருதி திருத்தும் மென்பொருளை வேகமாக வைத்தால் கமகம் தட்டையாகிவிடும். தமிழ் வரிகளுக்கு அதை மெதுவாக வையுங்கள்.

வெளியிடுமுன் காகிதம்

சினிமாப் பாட்டைப் பாடிப் பழகலாம். உரிமை வாங்காமல் வெளியிட்டு அதில் வாழ்க்கையைக் கட்ட முடியாது. யூடியூபில் போட்டால் வருமானம் உரிமைக்காரருக்குப் போகும். இணையத்தில் 'இலவச பீட்' என்று கிடைப்பது பெரும்பாலும் விற்பனைக்கு அனுமதி இல்லாதது. விதியைப் படித்துவிட்டுப் பாடுங்கள். வரி யார், மெட்டு யார், இசைக்கோப்பு யார், யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கத்தில் எழுதி, பாட்டு முடிந்த அன்றே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். நட்பில் கேட்கக் கூசுவது புரிகிறது. பாட்டு ஓடிய பிறகு கேட்பது இதைவிடக் கூசும்.

இந்தியாவில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் ராயல்டியை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, பாடகர் ராயல்டிக்கு இசாம்ரா (முன்பு இஸ்ரா) இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அப்படி எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். 18 வயது ஆகாதவருக்குப் பெற்றோரோ காப்பாளரோ உடன் இருக்க வேண்டும். உங்களை அறிமுகப்படுத்த உங்களிடமே பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பாட்டை இணையத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனம் வழியாகப் போகும் ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்து-எண் கொண்ட ஐஎஸ்ஆர்சி என்ற அடையாள எண் கிடைக்கும்; குறித்து வையுங்கள். உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு எல்லாத் தளத்திலும் ஒன்றாகவே இருக்கட்டும், ஒரு எழுத்து மாறினாலும் வேறொருவர் பக்கத்தில் பாட்டு போய் உட்காரும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் ஏற்றியிருக்க வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொண்டால் நிம்மதி. அங்கே 30 விநாடி கேட்டால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு, 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டினால்தான் காசு. ஒரு நிமிட முன்னிசை வைக்க ஆசைப்படுகிறவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

மேடை நாள்

ட்ராக்கை (பாட்டின் பின்னணி இசையை) வேவ் கோப்பாகப் பென்டிரைவில் ஒன்று, ஏரோப்ளேன் மோடில் வைத்த போனில் ஒன்று எடுத்துப் போங்கள். போனில் ஹெட்போன் துளை இல்லையென்றால் அதற்கான கன்வெர்ட்டரும் பையில் இருக்கட்டும்.

சவுண்ட் செக்கில் நடப்பது வழக்கமாக இதுதான். 'பாடுப்பா' என்பார் சவுண்ட் அண்ணன். பாட வந்தவர் கால் குரலில் 'ஹலோ, செக்' என்பார். 'ஓகேவா?' 'ஓகேண்ணா.' மானிட்டரில் (பாடகரைப் பார்த்து வைத்திருக்கும் ஸ்பீக்கரில்) தன் குரல் துளியும் கேட்டிருக்காது. நிகழ்ச்சியில் கேட்காத குரலைத் தேடிக் கத்தி, சுருதி ஏறி, மூன்றாவது பாட்டில் தொண்டை கட்டும். 'ஹலோ' சொல்லாதீர்கள். பாட்டிலேயே மிக உரத்த வரியை முழுக் குரலில் பாடுங்கள், பிறகு மிக மெல்லிய வரியை. பிறகு இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடமாகவே சொல்லுங்கள்: 'அண்ணா, மானிட்டர்ல என் குரல் கொஞ்சம் ஏத்துங்க, ட்ராக் கொஞ்சம் இறக்குங்க.' கேட்டு அலுக்காத வாக்கியம் அது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

மைக் உதட்டிலிருந்து இரண்டு விரல். உச்ச வரியில் அரைச் சாண் தள்ளிப் பிடியுங்கள். மார்புக்கு இறக்கினால் சவுண்ட் அண்ணன் கெயினை ஏற்றுவார், உடனே 'கீ' என்று அலறும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்தினாலும் அதே அலறல்தான், ராப் பாடகர்களைப் பார்த்துப் பலர் கற்றுக்கொள்ளும் கெட்ட பழக்கம். முதல் பாட்டுக்கு மைக்கை ஸ்டாண்டிலேயே விடுங்கள், நடுங்கும் கைக்குப் பிடிமானம் கிடைக்கும். கண்ணைக் கடைசி வரிசைக்கு ஒரு கை மேலே வையுங்கள்; விளக்கு வெளிச்சத்தில் முகங்கள் எப்படியும் தெரியாது.

20 நிமிட நிகழ்ச்சிக்கு ஐந்து பாட்டு எடுத்துச் சென்று நான்கைப் பாடுங்கள். பாட்டுக்கு நடுவே பேச வேண்டிய இரண்டிரண்டு வாக்கியங்களை முன்பே எழுதி வையுங்கள், ஒன்று தமிழில், ஒன்று ஆங்கிலத்தில். கடைசிப் பாட்டின் கடைசி ஒலி அடங்கும்வரை மைக்கை வாயிலிருந்து எடுக்காதீர்கள், பெயரை ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள், பிறகு இறங்கலாம். இறங்கியதும் நேரே சவுண்ட் மேசைக்குப் போய் உங்கள் பென்டிரைவை வாங்கிக்கொள்ளுங்கள்.